பதினெட்டாம் லூயியும் சன்ஷைன் வாடகை வீடும்

1

இன்று காலை பட்டறையைத் திறந்து ரேடியோவைப் போட்டால் அதே கதை. இரண்டு வருஷத்துக்கு முன், இதே நவம்பர் பதினோராம் தேதி, ராணியின் பிரதிநிதி ஒரு கடதாசியை நீட்டி இந்த அவுஸ்திரேலியாவின் பிரதமரை வீட்டுக்கு அனுப்பினார் அல்லவா, அது சரியா பிழையா என்று ஆளுக்கொரு நியாயம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வேறு ஒன்றினால்தான் மறக்காது. அன்று காலைதான் என் மகளைக் கள்ளி என்றார்கள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் என்னைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் கப்பல் திருத்தும் இடத்தில் இரும்புத் தூள் கூட்டப் போனவன், பிறகு அங்கேயிருந்த, இரும்பு கடைகிற லேத் மெஷினையே பிடித்தேன். பிடித்தேன் என்றால் சும்மா இல்லை, எனக்குப் பிறகுதான் மற்றவன். மெல்பனுக்கு வந்தது எழுபத்து மூன்றில். வந்து ஒரு கிழமைக்குள் ஒரு தொழிற்சாலையில் வேலை. இப்போது மெல்பனின் கரையில் இருக்கிற சன்ஷைனில் என் பெயரில் பட்டறை. என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்களில் ஒரு வெள்ளைக்காரனும் உண்டு. இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் நான் கடல் தாண்டியது பட்டறைக்காக இல்லை. மூத்தவன் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தான். அந்த நேரம் பார்த்துத் தரப்படுத்தல் வந்தது. தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் புள்ளி போதாது என்றார்கள். அவனை விடக் குறைய எடுத்தவன் பல்கலைக்கழகத்துக்குப் போக, என் பிள்ளை வீட்டு விறாந்தையில் குந்தியிருந்தான். அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டேன்: சின்னவள் சுகந்தி புள்ளியைப் புள்ளியாக மதிக்கிற நாட்டில்தான் சோதனை எழுதுவாள். அதற்காகத்தான், மூத்தவனை ஊரில் விட்டுவிட்டு, இவ்வளவும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால்தான் மிச்சம் விளங்கும்.

2

எங்கள் ஆட்கள் பிள்ளைகளை எப்படிப் படிப்பிக்கிறவர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சத்தம் போட்டு வாசி, பாடமாக்கு, புத்தகத்தைத் தகப்பன் கையில் கொடு, ஒப்புவி. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்ததும் அப்படித்தான், அதில் ஒரு வரி இன்னும் மறக்கவில்லை.

சன்ஷைனில் நாங்கள் இருந்த வாடகை வீட்டிலும் அதே சட்டம்தான். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் என் கதிரையில் இருப்பேன். சுகந்தி எதிரே நிற்பாள். புத்தகம் என் மடியில். அவள் ஒப்புவிக்க ஒப்புவிக்க என் விரல் வரியோடு ஓடும். ஒரு சொல் தவறினாலும் திரும்ப முதலில் இருந்து. பக்கத்து வீட்டு மால்ட்டாக்காரக் கிழவி, நாங்கள் நாள் தவறாமல் ஏதோ பூசை செய்கிறோம் என்று நினைத்து, ஒரு நாள் மெழுகுதிரி கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள்.

டாக்குத்தராக வரவென்று கணக்கும் விஞ்ஞானமும் படிக்கிற பிள்ளை, ஒரு பாடம் தன் விருப்பத்துக்கு எடுக்கலாம் என்றதும் வரலாற்றை எடுத்தாள்.

"வரலாறு படிச்சு ஆருக்கு ஊசி போடப் போறாய்?" என்று கேட்டேன்.

"செத்த ராசாக்களுக்கு" என்றாள். வாய் காட்டுவதில் என்னைப் போலத்தான்.

அந்த வருஷம் பிரெஞ்சு ராசாக்கள் வீழ்ந்ததும் திரும்பி வந்ததும்தான் பாடம். எனக்கு இங்கிலீஷ் வந்ததே அந்தப் புத்தகத்தால்தான் என்று துணிந்து சொல்வேன். பதினாறாம் லூயியின் கஜானா காலியானது, ஊர்ச் சனம் பாண் ரொட்டி கேட்டு ஊர்வலம் போனது, ராசா வேலைக்காரன் மாதிரி வேஷம் போட்டு வண்டியில் ஓடியது, காசில் இருந்த முகத்தை வைத்து ஒருத்தன் வழியில் அவரை அடையாளம் கண்டது, பிறகு தலை போனது, எல்லாம் என் விரலுக்குக் கீழேதான் நடந்தன.

அதற்குப் பிறகு வருகிற ஆளைத்தான் எனக்குப் பிடிக்கும். செத்த ராசாவின் தம்பி, பதினெட்டாம் லூயி. பருத்த மனிதர், காலில் வாதம். இருபது வருஷத்துக்கு மேல் நாடு நாடாக அலைந்தார். ரஷ்யக்காரன் கொடுத்த வீட்டில் கொஞ்சக் காலம், இங்கிலாந்தில் ஒரு வீட்டில் கொஞ்சக் காலம். போன இடத்தில் எல்லாம் அரண்மனை வழக்கத்தை விடவில்லை. யார் எங்கே நிற்பது, யார் முதலில் இருப்பது எல்லாம் ஊரில் இருந்தபடியே. பிறநாட்டில் ஒதுங்கியிருந்த வருஷங்களையும் தன் ஆட்சி வருஷம் என்றே கணக்கு வைத்தார் என்றால் பாருங்கள். கடைசியில் நெப்போலியன் விழ, போய் அரச கதிரையில் இருந்தார். நெப்போலியன் ஒருக்கால் திரும்பி வந்து துரத்த, ஓடினார். அவன் திரும்ப விழ, திரும்ப வந்து இருந்தார். மனிதன் என்றால் அப்படி விடாப்பிடி வேண்டும் என்று சுகந்திக்குச் சொல்வேன்.

"அப்பா, ரீச்சர் சொல்லுறா, சொந்தச் சொல்லில எழுத வேணுமாம்" என்றாள் ஒரு நாள்.

"உன்ர சொல்லை ஆர் கேட்டது? புத்தகத்தில இருக்கிறதை எழுதினா ஆர் பிழை எண்டு சொல்லுவினம்?"

அவள் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அது ஐந்தாம் போர்ம், அதாவது பதினோராம் வகுப்பு. வருஷக் கடைசிச் சோதனையில் பள்ளிக்கூடம் சித்தி, பாஸ் என்று சொன்னால்தான் ஆறாம் போர்ம். அதில் இருந்துதான் பல்கலைக்கழகம்.

3

அந்தச் செவ்வாய் காலை தொழிற்சாலைக்கு ரெலிபோன் வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து. வரலாற்றுச் சோதனை விஷயமாக அதிபர் உடனே பார்க்க விரும்புகிறாராம்.

எனக்கு என்ன தோன்றும்? ஊரில் அதிபர் தகப்பனைக் கூப்பிட்டால் ஒன்றில் பிள்ளை முதலாம் பிள்ளை, அல்லது காவாலி. சுகந்தி காவாலி இல்லை. எங்களை மேற்பார்க்கிற போர்மனிடம் சொன்னேன், "மை டோட்டர், ஃபர்ஸ்ட் இன் ஸ்கூல்." வீட்டுக்கு ஓடிப்போய்க் கோட்டும் கழுத்து ரையும் போட்டேன். என் மனைவி மகேசு கண்ணூறு படும் என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். இந்தக் கோலத்தோடுதான் போய் இறங்கினேன்.

அதிபரின் அறையில் சுகந்தி ஒரு மூலையில் இருந்தாள். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் வரலாற்று ரீச்சர் மிஸ் பார்லோ, இருபத்தைந்து இருபத்தாறு வயசுப் பெட்டை. மேசையில் புத்தகம், அதற்குப் பக்கத்தில் சுகந்தியின் விடைத்தாள். விடைத்தாள் முழுக்கச் சிவப்புக் கோடு.

அதிபர் மரியாதையாகத்தான் பேசினார். இவர்கள் கழுத்தை அறுப்பதென்றாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள். உங்கள் மகள் எழுதியது புத்தகத்தில் உள்ளது, சொல்லுக்குச் சொல், ஒரு கமா தவறவில்லை. ஆகவே சோதனை மண்டபத்துக்குள் புத்தகம் போயிருக்கிறது. அப்படிச் செய்த பிள்ளையை ஆறாம் போர்முக்கு ஏற்ற முடியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "வருந்துகிறேன்" என்றார்.

மூத்தவனுக்கு அங்கே புள்ளி போதாது. இவளுக்கு இங்கே கூடிப் போயிற்று. எங்கே போய் எந்தச் சுவரில் முட்டுவது?

எழுந்து புத்தகத்தைத் தூக்கி அதிபரின் கையில் வைத்தேன். "மை டோட்டர் நோ தீஃப். ஓப்பன். எனி பேஜ்."

அவர் மிஸ் பார்லோவைப் பார்த்தார். பிறகு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து முதல் மூன்று சொல்லை வாசித்தார்.

"சொல்லு பிள்ளை" என்றேன்.

சுகந்தி கண்ணை மூடினாள். எங்கள் வீட்டு இராகத்தில், தேவாரம் ஓதுகிற மாதிரி, தொடங்கினாள். ராசாவின் வண்டி பாரிசை விட்டுப் புறப்பட்டது. அதிபரின் கண் வரியோடு ஓடியது. பக்கம் முடிய அவர் திருப்ப மறந்து போனார், அவள் அடுத்த பக்கத்துக்குள் போய்விட்டாள். அவர் வேறு ஓர் இடத்தைத் திறந்தார். அங்கேயும் சொன்னாள். இன்னோர் இடம். நெப்போலியன் விழுந்தான், பருத்த லூயி வந்தார், அரசியல் சாசனம் கொடுத்தார். அதிபர் புத்தகத்தை மூடி வைத்து, "நம்ப முடியவில்லை" என்றார். நான் ரையை இழுத்து நேராக்கிக்கொண்டேன்.

மிஸ் பார்லோ மட்டும் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துச் சுகந்திக்கு எதிரே இருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "சுகந்தி, நீ களவு செய்யவில்லை என்று நம்புகிறேன். உன்னைச் சந்தேகித்ததற்கு மன்னிப்பு. இப்போது இதைச் சொல். அந்த ராசாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தது சரியா? நீ என்ன நினைக்கிறாய்?"

சுகந்தி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நான் மனதுக்குள் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். அந்த விடை எந்தப் பக்கத்திலும் இல்லை.

"சொல்லன் பிள்ளை, எதையாவது சொல்லு" என்று தமிழில் சொன்னேன்.

மிஸ் பார்லோ என் பக்கம் கையைக் காட்டினாள். "தயவுசெய்து. அவள் சொல்லட்டும்."

அதிபர் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். களவு என்ற பேச்சு முடிந்தது. ஆனால் அவள் சொந்தச் சொல் இல்லாத இந்த விடைத்தாளுக்குப் புள்ளி கிடையாது. வெள்ளிக்கிழமை வேறு ஒரு கேள்வி, இதே அறையில், புத்தகத்தில் விடை இல்லாத கேள்வி. ஐம்பது எடுத்தால் ஆறாம் போர்ம். எடுக்காவிட்டால் ஐந்தாம் போர்மைத் திரும்பப் படிக்கலாம், அல்லது வேலை தேடலாம்.

வெளியே வந்ததும் சுகந்தியின் தோளைத் தட்டினேன். "பாத்தியே, வாயைப் பிளந்து போய் நிண்டாங்கள்."

"உங்களுக்குப் பெருமையா இருந்தது என்ன?" என்றாள். "எனக்கு, கூட்டுக்குள்ள கிடக்கிற கிளியைத் திறந்து விட்டுப் பேசச் சொன்ன மாதிரி இருந்தது."

வகுப்புக்கு நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

4

பின்னேரம் தொழிற்சாலையில் மெஷின் எல்லாம் நின்றுபோய்க் கிடந்தது. ஆட்கள் வாசலில் கூடிக் கத்திக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்து மெஷின்காரன் சார்லி என் கோட்டையும் ரையையும் பார்த்துவிட்டு, "என்ன, உன்னைத்தான் புதுப் பிரதமராக்கினார்களா?" என்றான். அப்போதுதான் பிரதமரை வீட்டுக்கு அனுப்பின விஷயம் தெரியும். நாடே கொதிக்கிறது, எனக்கோ வெள்ளிக்கிழமையைத் தவிர வேறு ஒன்றும் தலைக்குள் ஏறவில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போனேன். பிரெஞ்சு ராசாக்களைப் பற்றி அங்கே இருந்ததில் மூன்று தடித்த புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் போட்டேன். "அந்தக் கேள்விக்கு விடை இதில எங்கேயாவது இருக்கும். நாளைக்கு இரவுக்குள்ள பாடமாக்கலாம். வா, நில்லு."

சுகந்தி இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. "நான் ஒப்புவிக்க மாட்டன்."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அதுவரைக்கும் ஒருவரும் சொன்னதில்லை. மகேசு குசினி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி சொன்னாய்?"

"ஒப்புவிக்க மாட்டன் அப்பா. உந்தப் புத்தகத்திலயும் ஆரோ ஒராள் நினைச்சதுதான் இருக்கும். ரீச்சர் கேட்டது நான் என்ன நினைக்கிறன் எண்டு."

"நீ நினைச்சு? பதினேழு வயசில என்னத்தை நினைச்சுக் கிழிக்கப் போறாய்? உனக்கு வெள்ளிக்கிழமை ஐம்பது வராட்டி என்ன நடக்கும் எண்டு தெரியுமே? நான் ஆருக்காக இந்தக் குளிருக்குள்ள..."

"தெரியும். ஒவ்வொரு நாளும் சொல்லுறீங்கள்."

"இஞ்சருங்கோ, முதல்ல சாப்பிடுங்கோவன்" என்றாள் மகேசு.

"அவள் ஒப்புவிக்காமல் இந்த வீட்டில ஆருக்கும் சாப்பாடு இல்லை."

சுகந்தி எழுந்து நின்றாள். ஒப்புவிக்கத்தான் எழும்புகிறாள் என்று நினைத்தேன்.

"நான் என்ன நினைக்கிறன் எண்டு சொல்லட்டே? லூயி திரும்பி வந்தது பிழை இல்லை. சனம் சண்டை பிடிச்சுக் களைச்சுப் போச்சுது, ஆராவது வந்து இருந்தாப் போதும் எண்டு விட்டது. பிழை என்னெண்டா, அவையள் விட்டுட்டுப் போன வீடு அப்பிடியே இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு வந்தது. இருபது வருசமா மற்ற ஆக்களின்ர வீட்டில இருந்தவை, அந்த ஆக்கள் எப்பிடி இருக்கினம் எண்டு ஒருநாளும் எட்டிப் பாக்கேல்ல. லூயிக்கெண்டாலும் கொஞ்சம் விளங்கினது, ஒரு சாசனம் குடுத்தார். பிறகு வந்த தம்பிக்காரன் தலையில எண்ணெய் பூசி ராசாப்பட்டம் கட்டிக்கொண்டு, பேப்பர்க்காரர் வாய் திறக்கக் கூடாது எண்டான். மூண்டு நாள் சண்டையில துரத்தி விட்டாங்கள்."

மூச்சு வாங்கினாள். பிறகு சொன்னாள்:

"நீங்களும் அப்பிடித்தான். வாடகை வீட்டில, உந்தக் கதிரையில இருந்துகொண்டு. நீங்கள் இருக்காமல் நாங்கள் இருக்கேலாது, நீங்கள் சாப்பிடாமல் நாங்கள் சாப்பிடேலாது, நீங்கள் கேக்காமல் நாங்கள் கதைக்கேலாது. வந்து ரெண்டு வருசம். பக்கத்து வீட்டு அன்ரியின்ர பேர் என்ன அப்பா? சொல்லுங்கோ பாப்பம்."

எனக்குத் தெரியாது. மெழுகுதிரி வாங்கினேன், பெயர் கேட்கவில்லை.

"ஆரடி அந்த லூயி, அப்பாவோட ஒப்பிடுறாய்?" என்று மகேசு கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "லூயியோ கீயியோ, புட்டு ஆறுது" என்றாள்.

என் கை ஓங்கித்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். நான் கை ஓங்கினால் வழமையாக இறங்கும். அன்றைக்கு இறங்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. அவள் சொல்லிக்கொண்டு போக, புத்தகத்தில் இது எத்தனையாம் பக்கம் என்று என் தலை தன்பாட்டில் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அகப்படவில்லை. இருந்தால்தானே அகப்படும். ரீச்சர் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்குச் சுட்டது.

கையைக் கீழே விட்டேன். "உதைப் போய் அங்க எழுது" என்றேன். கோபத்தில் சொன்னதா, புத்தியில் சொன்னதா என்று கேட்காதீர்கள். கத்தித்தான் சொன்னேன்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர்கள் இருவரும் சாப்பிட்டார்கள். கோப்பைச் சத்தம் கேட்டுக்கொண்டு அறைக்குள் கிடந்தேன். ராசா சாப்பிடாமல் சனம் சாப்பிட்டால் வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன் போல. விழவில்லை.

வியாழக்கிழமை முழுக்க மூன்று தடித்த புத்தகங்களும் மேசையில் அப்படியே கிடந்தன. அவள் ஒன்றையும் தொடவில்லை. சன்னலடியில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்காமல் சும்மா இருக்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. நாலு தரம் எழுந்து போய் நாலு தரமும் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். என் வாழ்க்கையில் லேத் மெஷினில் விரல் மாட்டினபோது கூட அவ்வளவு கஷ்டப்படவில்லை.

5

வெள்ளிக்கிழமை லீவு கேட்டேன். போர்மன், "திரும்பவும் முதலாம் பிள்ளையா?" என்றான். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அதிபரின் அறைக்கு வெளியே ஒரு நீட்டு மர வாங்கில் என்னை இருக்கச் சொன்னார்கள். கதவில் ஒரு துண்டுக் கண்ணாடி. அதற்குள்ளால் சுகந்தியின் முதுகு தெரிந்தது. வழமையாகச் சோதனை என்றால் தன் பேனை ஓடத் தொடங்கினால் நிற்காது என்று எனக்குச் சொல்வாள். அன்று அது நின்று நின்று போனது. ஒரு வரி எழுதுவாள், நிமிர்வாள், வெட்டுவாள். ஒவ்வொரு தரம் வெட்டும்போதும் ஒரு புள்ளி போகிறது என்று எண்ணினேன். மணியடிக்க மணியடிக்கப் பிள்ளைகள் போனார்கள், வந்தார்கள். ஒரு பொடியன் என் திருநீற்றைப் பார்த்து இன்னொருவனுக்கு ஏதோ சொல்லிச் சிரித்தான். வேறு நாளென்றால் அவன் காதைப் பிடித்திருப்பேன்.

எழுதி முடித்து வந்து வாங்கின் மற்றக் கரையில் இருந்தாள். விரல் நுனி எல்லாம் மை.

"முழுக்க எழுதினியே?"

"ஓம்."

"கதிரை விஷயமும் எழுதினியே?"

அவள் விரலில் இருந்த மையைத் துடைத்தாள். உள்ளே மிஸ் பார்லோவும் அதிபரும் ஒருவர் மாறி ஒருவர் விடைத்தாளை வாசித்தார்கள். அதிபர் ஓர் இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு வெளியே என்னைப் பார்த்தார். பிறகு திரும்ப வாசித்தார்.

கதவைத் திறந்து மிஸ் பார்லோ வந்தாள். என்னை விட்டுவிட்டு நேரே சுகந்தியிடம் போய்ச் சொன்னாள்: "ஐம்பத்தெட்டு. எழுத்துப் பிழைகள் இருக்கின்றன, கடைசிப் பகுதி அவசரம். ஆனால் உன்னுடையது. ஆறாம் போர்மில் சந்திப்போம்."

சுகந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள்.

ஐம்பத்தெட்டு! தொண்ணூற்றுக்குக் கீழே எங்கள் வீட்டு வாசல்படி ஏறாத பிள்ளை. மற்ற நாற்பத்திரண்டும் எங்கே போயிற்று? நான் எழுந்துவிட்டேன். கஸ்டம்ஸ்காரனோடு, குடிவரவுக் கந்தோரோடு, வீட்டுச் சொந்தக்காரனோடு நின்று வாதாடி வென்றவன் நான். மிஸ் பார்லோவிடம் ஒரு பத்தாவது வாங்காமல் போவேனா? "எக்ஸ்கியூஸ் மீ, மிஸ்" என்று தொடங்கிவிட்டேன்.

சுகந்தி என் கையைப் பிடித்தாள். "அப்பா, வேண்டாம்."

"நீ சும்மா இரு, நான் கதைச்சு..."

"அப்பா. அது என்ர."

மிஸ் பார்லோ என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், என்ன வேண்டும் என்று. நான் "தேங்க்யூ" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டீர்கள்.

அவள் ஆறாம் போர்மும் சித்தியடைந்து இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம். ஊசி போடப் படிக்கவில்லை, வரலாறுதான் படிக்கிறாள். அதற்கு நடந்த சண்டையை எழுத இந்தக் கடதாசி போதாது.

அந்த விடைத்தாளை அவள் எனக்கு இன்னும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. என்னைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்க மாட்டாள் என்று மகேசு சொல்கிறாள். எழுதித்தான் இருப்பாள். அதற்காகவாவது இன்னும் ஒரு பத்துப் புள்ளி போட்டிருக்கலாம்.